இகிட்டோஸ் காட்டில் அயவாஸ்கா முகாம்: ஒரு மருந்தாளுநரின் மதிப்பீடு

பெரு நாட்டின் அமேசான் காட்டு நகரமான இகிட்டோஸ் அருகே, மனக்காட்சி தரும் அயவாஸ்கா என்ற கஷாயத்தைச் சடங்காகக் கொடுக்கும் முகாம் ஒன்றில் போய்த் தங்கினேன். அதற்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். அந்த மூன்றையும் சம்பாதித்தவர்கள் இரண்டு பெண்கள்: இரவெல்லாம் கண்விழித்துப் பாடிய மாஎஸ்த்ரா (சடங்கை நடத்தும் ஷிபிபோ பழங்குடிப் பெண்), முன்பதிவின்போது என்னைத் துருவித் துருவி விசாரித்த அலுவலகப் பெண். மீதி இரண்டு ஏன் போயின என்பதை விரிவாகவே எழுதப் போகிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முகாமின் பெயரைக் குறிப்பிடவில்லை. பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் எந்த முகாமுக்கும் பொதுவானவை.

நான் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவள். தம்பி இறந்த பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, ஒழுங்கான தூக்கமும் வரவில்லை. மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரை தேவைப்படும் நிலை இல்லை, பேசுங்கள், காலம் கொடுங்கள் என்றார். பேசினேன். அதற்கு மேலும் ஏதோ ஒன்று நெஞ்சில் அடைத்துக்கொண்டே இருந்தது. அமேசானுக்குப் போனதற்கு அந்த அடைப்பு பாதிக் காரணம். மீதி, இத்தனை ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்த ஒரு மருந்து மக்கள் கையில் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்கும் ஆசை.

அயவாஸ்கா இரண்டு செடிகளின் கஷாயம். பனிஸ்டெரியோப்சிஸ் காபி என்ற தடித்த கொடியை நசுக்கி, சக்ருணா என்ற செடியின் இலைகளோடு போட்டுப் பல மணி நேரம் கொதிக்கவிட்டுச் சுண்டவைக்கிறார்கள். காட்சிகளைத் தரும் டிஎம்டி என்ற வேதிப்பொருள் இலையில் இருக்கிறது. அதை மட்டும் தனியாக விழுங்கினால் ஒன்றும் நடக்காது. குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் உள்ள ஹார்மினும் ஹார்மலினும் அந்த நொதியைச் சில மணி நேரத்துக்கு முடக்கிவைக்கின்றன. அந்த இடைவெளியில் டிஎம்டி ரத்தத்தில் கலந்து மூளையை அடைந்து, செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளுக்கான ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிரிட்டிஷ் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்புரூஸ் 1852-இல் வாவுபேஸ் ஆற்றுப் பகுதியில் இந்தக் கொடியைப் பார்த்துப் பதிவு செய்தார். இரண்டு செடிகளும் சேர்ந்து உடம்புக்குள் என்ன செய்கின்றன என்று வேதியியல் கண்டறிய அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஆய்வகம் இல்லாத அமேசான் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு நடுவே இந்த ஜோடியைக் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று நினைக்கும்போதெல்லாம் என் தொழில் மேல் எனக்கு இருக்கும் பெருமிதம் சற்றே அடங்கிவிடுகிறது.

நொதியை முடக்குவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின் சாப்பிடுகிறவர், வலிக்கு டிரமடால் எடுப்பவர், சாதாரண இருமல் மருந்தில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் குடித்தவர், இவர்கள் அயவாஸ்கா குடித்தால் உடம்பில் செரட்டோனின் அளவுக்கு மீறிப் பெருகி, காய்ச்சல், நடுக்கம், தசை இறுக்கம், வலிப்பு என்று உயிரையே பறிக்கக்கூடிய நிலைக்குப் போகலாம். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், இருதுருவ மனநோய், மனச்சிதைவு இருப்பவர்களும், குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முகாமின் படிவம் இவை எல்லாவற்றையும் கேட்டது. சும்மா கட்டத்தில் டிக் அடித்து அனுப்பும் படிவம் இல்லை. அனுப்பிய பிறகு அந்த அலுவலகப் பெண் காணொலியில் அழைத்து, நான் எழுதியதை வரி வரியாகப் படித்துக் கேட்டார். மூலிகை மாத்திரை ஏதாவது, உடல் இளைக்க ஏதாவது, தூக்கத்துக்கு ஏதாவது என்று ஒவ்வொன்றாகத் தோண்டினார். இகிட்டோஸுக்கு வந்து இறங்கிய பிறகு இன்னொரு நேர்காணல். அதில் ஓர் இளைஞர், ஃப்ளூவாக்செட்டினை நிறுத்தி இரண்டு வாரம்தான் ஆகிறது என்பதை ஒப்புக்கொண்டார். அந்த மருந்து உடம்பை விட்டு முழுவதும் போக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடிக்கும். அவரைச் சேர்க்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடல் கடந்து வந்தவர் கெஞ்சினார், கோபப்பட்டார். அந்தப் பெண் அசையவில்லை. இருந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த இளைஞரிடம் தனியாகப் பேசினேன்: இதற்காக மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள், ஊருக்குப் போனதும் முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னேன்.

இகிட்டோஸுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. லிமாவிலிருந்து விமானம், இல்லாவிட்டால் புகால்பாவிலிருந்தோ யூரிமாகுவாஸிலிருந்தோ நாள்கணக்கில் படகு. ஊரிலிருந்து வெளியே போகும் ஒரே பெரிய சாலை, சுமார் 100 கிலோமீட்டரில் நௌட்டாவில் முடிந்துவிடுகிறது. முகாம் அந்தச் சாலையிலிருந்து உள்ளே விலகி, சேற்றுப் பாதையில் ஒரு மணி நேர நடைத் தூரத்தில் இருக்கிறது. பெலேன் சந்தையின் மூலிகைச் சந்தில் அயவாஸ்காவைப் பழைய பாட்டில்களில் ஊற்றிப் பகிரங்கமாகவே விற்கிறார்கள். அதை வாங்கிக் குடிக்காதீர்கள். எந்தச் செடி எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு சுண்டியது என்று குடிப்பவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. பெரு அரசு 2008-இல் அயவாஸ்கா பற்றிய அமேசான் பழங்குடிகளின் மரபறிவையும் பயன்பாட்டையும் நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அதை வைத்துக்கொண்டு, பலகை மாட்டியிருக்கும் எல்லா இடமும் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். டிஎம்டி 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தத்தில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். ஒரு சிறு குப்பியைக்கூடப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறக்கூடாது.

பத்தியம் கடுமையாக இருந்தது. உப்பு, சர்க்கரை, காரம், பன்றி இறைச்சி, மது எதுவும் கிடையாது. வேகவைத்த பச்சை வாழைக்காய், சோறு, பயறு, உப்பில்லாத ஆற்றுமீன். நாள்பட்ட பாலாடைக்கட்டியும் புளிக்கவைத்த உணவும் கூடாது என்பதற்கு மருந்தியல் காரணம் உண்டு: நொதி முடங்கியிருக்கும்போது அவற்றில் உள்ள டைரமின் ரத்த அழுத்தத்தை ஏற்றும். உப்புக்கும் காரத்துக்கும் அப்படி ஒரு விளக்கம் என்னிடம் இல்லை. அது அவர்கள் மரபு, மதித்து நடந்துகொண்டேன். சமையல் சுத்தமாக இருந்தது, யாருக்கும் வயிறு கெடவில்லை.

சடங்கு நடக்கும் மலோகா, பனையோலை வேய்ந்த பெரிய வட்டக் கூடாரம். சுவரோரமாக மெத்தைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு கழிவறைத் தாள் சுருள், ஒரு தண்ணீர் பாட்டில். எனக்கு வாய்த்தது கைப்பிடி உடைந்த பச்சை வாளி. இரவு எட்டு மணிக்கு மேல் மாஎஸ்த்ரா வந்து உட்கார்ந்தார். உகாயாலி ஆற்றங்கரையைச் சேர்ந்தவர், அறுபதைத் தாண்டியிருப்பார். கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் கெனே என்ற ஷிபிபோக் கோலங்கள் தைத்த பாவாடை. பாட்டிலின் மூடியைத் திறந்து, வாயருகே வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு மபாச்சோ என்ற காட்டுப் புகையிலைச் சுருட்டை இழுத்து, பாட்டிலுக்குள் புகையை ஊதி, சட்டென்று மூடினார். புகை வெளியேறாமல் கஷாயத்தின் மேல் வெள்ளையாகச் சுழன்றுகொண்டிருந்ததை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து அளந்துதான் ஊற்றினார். எனக்குக் கொடுத்தது சிறு கோப்பையில் பாதி.

கெட்டியாகவும் பழுப்பாகவும் இருந்தது. புளியை வாரக்கணக்கில் ஊறவைத்து, அதில் மண்ணையும் எரிந்த வெல்லத்தையும் கரைத்துக் குடித்தால் அப்படித்தான் இருக்கும். கசப்பு அடிநாக்கில் விடியும்வரை நின்றது.

முதலில் மாறியது உடம்புதான். அரை மணி நேரம் போல ஒன்றும் இல்லை. பிறகு விரல் நுனிகளில் மெல்லிய நடுக்கம், தாடையில் இறுக்கம், கை கால் சில்லிட்டு நெற்றி மட்டும் வேர்த்தது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வழக்கத்தைவிட வேகம், ஆனால் சீராக இருந்தது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மிதமாக ஏறுவது இந்தக் கஷாயத்தின் இயல்பு. கண்மணி விரியும், நிற்கும்போது தள்ளாடும். அடுத்துக் குமட்டல். அடிவயிற்றிலிருந்து அலையலையாக வந்து, கடைசியில் வாளியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தேன். பக்கத்திலிருந்தவருக்கு வாந்தியோடு பேதியும். அமேசானில் இதைப் பக்கவிளைவாக நினைப்பதே இல்லை. சிகிச்சையே அதுதான் என்கிறார்கள். அந்த ஊர் மக்கள் இந்தக் கஷாயத்தை வெறுமனே ‘பேதி மருந்து’ என்ற பொருளில் லா பூர்கா என்றுதான் அழைக்கிறார்கள். வாந்திக்குப் பிறகு எனக்குக் கிடைத்த தெளிவு, காய்ச்சல் விட்டதும் வரும் அந்தத் தெளிவுதான். வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

மெழுகுவர்த்தியை அணைத்ததும் மாஎஸ்த்ரா இகாரோ என்ற சடங்குப் பாட்டைப் பாடத் தொடங்கினார். ஷிபிபோப் பெண்களின் குரல் இந்தப் பாட்டில் மிக உயரத்தில், மெலிதாக, நடுங்கி நடுங்கிப் போகும். கண்ணை மூடினால் கோடுகளும் கட்டங்களும் விரிந்தன, பாட்டு வளையும் இடத்தில் அவையும் வளைந்தன. ஒலி காட்சியாவதை நான் படித்திருக்கிறேன். உடம்பால் உணர்வது வேறு. கண்ணைத் திறந்தால் இருட்டு, கூரையில் மழை, தவளைச் சத்தம். நான் யார், எங்கே இருக்கிறேன் என்பது எந்த நேரத்திலும் எனக்கு மறக்கவில்லை. அளவு கூடினால் அதுவும் கரைந்துபோகும் என்று பக்கத்து மெத்தைக்காரர் மறுநாள் சொன்னார்.

பிறகு தம்பி வந்தான். முழு உருவமாக வரவில்லை. அவன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிடும் விதம் மட்டும் தெரிந்தது. இரண்டு மடிப்பு, அதற்கப்புறம் கட்டைவிரலால் ஓரத்தை ஒரு அழுத்து. அவன் அப்படிச் செய்வான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அடக்க மாட்டாமல் அழுதேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. வந்தது அவன்தான் என்று நான் சொல்ல மாட்டேன். என் நினைவுக்குள் பூட்டிக் கிடந்தது திறந்துகொண்டது என்றுதான் நம்புகிறேன். அந்த நினைவை நான் மதிக்கிறேன், அது எனக்குக் கிடைத்ததற்காக அந்தக் கஷாயத்துக்கு நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்த சடங்கு அப்படி இல்லை. பயம். மூச்சு நின்றுவிடும், இதயம் நின்றுவிடும், இதிலிருந்து இனி மீளவே முடியாது என்ற உறுதியான, காரணமற்ற பயம். நேரம் உறைந்துவிட்டது. உள்ளே போன கஷாயத்தின் வேகம் சுமார் ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை. உதவியாளர் பையன் இருட்டில் தவழ்ந்து வந்து, தொடாமல் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, “செனோரா, மூச்சு விடுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அப்புறம் மாஎஸ்த்ரா என் முன்னால் வந்து உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராகப் பாடினார். பாட்டின் ஏற்ற இறக்கத்தோடு பயமும் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் ஏறாமல் நின்றுவிட்டது. மருந்தோடு கூடவே ஓர் ஆளும் தேவைப்படும் சிகிச்சை இது. அந்த ஆள் இல்லாத இடத்தில் இதைக் குடிப்பதை என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்டு அந்த நிலையில் இருக்கும் பெண்களிடம் அத்துமீறிய ஆண்களைப் பற்றிய புகார்கள் அமேசான் வட்டாரத்தில் உண்டு. இங்கே பாடுபவர் பெண், இரவு முழுவதும் ஒரு பெண் உதவியாளரும் உள்ளே இருந்தார், யாரையும் தனியறைக்கு அழைத்துப் போய்ச் சிகிச்சை செய்வதில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். இந்த மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி குறைகள். கஷாயத்தில் தோஎ சேர்க்கிறீர்களா என்று நிர்வாகியிடம் கேட்டேன். தோஎ என்பது பிரக்மான்சியா, நம் ஊமத்தைக்கு நெருங்கிய இனம். அதில் உள்ள ஸ்கோபொலமின் ஆளைப் பிதற்ற வைக்கும், அளவு தவறினால் கொல்லும். சில இடங்களில் காட்சி வலுவாக வர வேண்டும் என்று அதைக் கலப்பதுண்டு. நிர்வாகி, “எல்லாம் இயற்கையான செடிகள்தான்” என்று மழுப்பினார். மாஎஸ்த்ராவிடமே மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். கொடி, சக்ருணா, தண்ணீர், வேறொன்றும் இல்லை என்று நேராகச் சொல்லி, மறுநாள் அடுப்படிக்கே கூட்டிப்போய் அண்டாவைக் காட்டினார். அவருக்கு இருந்த நேர்மை நிர்வாகிக்கு இல்லை.

ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. அதற்கு பேட்டரி இல்லை. என் டார்ச்சிலிருந்து கழற்றிப் போட்டுக் கொடுத்தேன். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்டேன். சாலைவரை தூக்கிக்கொண்டு நடப்போம், அங்கிருந்து ஏதாவது மோட்டார் வண்டி கிடைக்கும் என்றார்கள். மழைச் சேற்றில் ஒரு மணி நேரம் என்பது நோயாளியோடு இரண்டு மணி நேரம் ஆகும். இவ்வளவு கட்டணம் வாங்கும் இடத்தில், சடங்கு நடக்கும் இரவுகளில் சாலையோரம் ஒரு வண்டியை நிறுத்திவைக்க என்ன தடை? கழிவறைக்குப் போகும் பலகைப் பாதையிலும் விளக்கோ பிடிமானமோ கிடையாது. நேராக நிற்க முடியாத மனிதர்களை அந்த வழியில்தான் அனுப்புகிறார்கள்.

கடைசி நாள் காலையில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து அனுபவத்தைப் பகிரச் சொன்னார்கள். ஆளுக்குச் சில நிமிடம். சாலையில் வண்டி காத்திருந்தது. அத்தோடு சரி. ஊர் திரும்பிய முதல் வாரங்களில் நன்றாகத் தூங்கினேன், தம்பியின் படத்தை எடுத்துக் கூடத்தில் வைத்தேன். அதன் பிறகு, மாலை வேளைகளில் காரணமில்லாமல் அந்தப் பழைய பயத்தின் ஒரு கீற்று வந்து போகத் தொடங்கியது. முகாமுக்கு எழுதினேன், பதில் இல்லை. என் மருத்துவரிடமே போய்ப் பேசினேன், மெல்ல அடங்கியது. இது எனக்கு மட்டும் நேர்வதில்லை. 2022-இல் வெளியான ஓர் உலகளாவிய கருத்தாய்வில் அயவாஸ்கா குடித்த 10,836 பேர் பதில் அளித்திருந்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு உடல் உபாதை. அதில் பெரும்பங்கு வாந்தி. சுமார் 56 சதவீதம் பேர் பின்வந்த வாரங்களிலோ மாதங்களிலோ ஏதேனும் ஒரு மனத் தொந்தரவைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை வளர்ச்சியின் ஒரு பகுதியாகவே பார்த்தார்கள், ஆனால் சுமார் 12 சதவீதம் பேர் தொழில்முறை உதவியை நாட வேண்டியிருந்தது. இத்தனை பேருக்கு நேர்வது முகாம் நடத்துகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதும், ஒரு மாதம் கழித்து ஒருமுறை அழைத்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதும் அவர்கள் கடமை.

மனச்சோர்வு குணமாகிவிடுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். பிரேசிலின் நத்தால் நகரில், வேறு மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 29 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒருமுறை மட்டும் கொடுத்து ஏழாம் நாள் பார்த்தபோது, அயவாஸ்கா பெற்றவர்களில் 64 சதவீதத்தினரிடம் நல்ல முன்னேற்றம். போலி மருந்து பெற்றவர்களில் 27 சதவீதம். நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் 29 பேர், மருத்துவமனைக் கண்காணிப்பு, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த நோயாளிகள். காட்டு முகாமுக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது.

மாஎஸ்த்ராவும் அவர் மகளும் தைத்த கெனே துணிகளை மலோகாவின் வாசலில் விரித்து விற்கிறார்கள். நான் எடுத்ததற்குப் பெருவின் பணத்தில் 150 சோல் கேட்டார், பேரம் பேசாமல் கொடுத்தேன். வாங்குவதாக இருந்தால் முகாமின் கடையில் வாங்காமல் அவர்கள் கையில் நேராகக் கொடுங்கள்.

இரவு வண்டி, பாதைக்கு விளக்கு, ஒரு மாதம் கழித்து ஓர் அழைப்பு. இந்த மூன்றையும் கேட்டு நிர்வாகிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். செய்துவிட்டோம் என்று காட்டினால் மீதி இரண்டு நட்சத்திரத்தையும் கொடுத்துவிடுவேன். அதுவரை, முழு ஆரோக்கியத்தோடு இருப்பவர்களைத் தவிர வேறு யாரையும் அங்கே போகச் சொல்ல மாட்டேன்.